முன்பாரம்

கிருமாம்பாக்கம் தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தேன்.
எங்கள் கடை
சாலையில் இப்படியும் அப்படியும் நடந்து வந்தது.

கடை என்றால் ஒரு பழைய கேரவன்.
ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்
லாஸ்பேட்டை வேப்பமரத்தடியில் விட்டுப்போனது.
படுக்கை இருந்த இடத்தில் அடுப்புமேடை,
சன்னலை அகலமாக வெட்டி
பஜ்ஜித் தட்டு வைக்க ஒரு பலகை.
ஞாயிறு முதல் தேவனாம்பட்டினம் கடற்கரையில் வியாபாரம்.
பொலேரோ என் தம்பியுடையது.
கடன் எங்களுடையது.

ஏற்றியது சூசைநாதன்.
கதவு பின்னால் இருப்பதால் எல்லாமே பின்னால்:
இரண்டு சிலிண்டர், கிரைண்டர், அதன் கல் தனியாக,
பாதி நிரம்பிய தண்ணீர் டிரம்.
முன்பக்கம் பேப்பர் தட்டு நான்கு கட்டு,
ஆணியில் ஓர் அந்தோணியார்.

சிதம்பரம் பஸ் ஒன்று
ஆரனில் கையை எடுக்காமல் ஏறிக் கடந்தது.
முதலில் அதன் காற்று எங்களைத் தள்ளியது.
முதுகு கடந்ததும் உள்ளே இழுத்தது.
கேரவன் வாலாட்டத் தொடங்கியது.
முதல் ஆட்டம் சின்னது,
அடுத்தது அதைவிட அகலம்,
மூன்றாவதில் பொலேரோவின் இடுப்பே
என் பேச்சைக் கேட்கவில்லை.
"பிரேக்கப் போடு அமலோர், பிரேக்கு!"
சூசைநாதன் தன் பக்கத்துத் தரையை
மிதிமிதியென்று மிதித்துக்கொண்டிருந்தார்.

நான் போடவில்லை.
பதினோரு வருடம் பள்ளி வேன் ஓட்டியவள்,
தெரிந்துதான் போடவில்லை என்று
பிற்பாடு எல்லோரிடமும் சொன்னேன்.
நடந்தது வேறு. செருப்பு கழன்றுவிட்டது.
ஆக்சிலேட்டரை விட்டு எழுந்த கால்
இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது.
கைகள் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி விறைத்துவிட்டன,
திருப்பக்கூட பயம்.
எழுபது அறுபதாச்சு.
ஐம்பதில்
யாரோ தோளில் தட்டிச் சமாதானம் சொன்னதுபோல
பின்னால் இருந்தது நேராக வந்தது.
பிரேக் போட்டிருந்தால்
அது எங்களை முந்திக்கொண்டு வந்திருக்கும்.

கன்னியக்கோயில் ஒயின்ஷாப் வாசலில் நிறுத்தினோம்.
நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னார்கள்.
"ஆடும்போது வேகம் குடுத்து இழுக்கணும்மா"
என்றவரால் நிற்கவே முடியவில்லை.

ரெட்டிச்சாவடி எடைமேடையில் இருந்தவள்
காதில் இயர்போனோடு எட்டிப் பார்த்தாள்.
"பின்பாரம்க்கா" என்றாள்,
நாற்பது ரூபாய்க்குச் சில்லறை எண்ணியபடியே.
முழு கேரவன்: தொள்ளாயிரத்து நாற்பது.
பிறகு கொக்கியைக் கழற்றி
மூக்கை மட்டும் மேடையில் இறக்கச் சொன்னாள்.
முப்பது.
"நூறாச்சும் வேணும். பத்துல ஒரு பங்கு.
மூக்கு லேசா இருந்தா
வாலு சொன்னதுதான் அங்க சட்டம்."

கிரைண்டரை அச்சுக்கு முன்னே நகர்த்தினோம்.
சிலிண்டரைச் சுவரோடு சேர்த்துக் கட்டினோம்.
பாதித் தண்ணீர் அங்குமிங்கும் அலைந்து
ஆட்டத்துக்குத் தாளம் போட்டிருக்கிறது,
டிரம்மை அவள் வளர்த்த முருங்கைக்குக் கவிழ்த்தோம்.
டயர் நான்கையும் சூசைநாதன் தட்டிப் பார்த்தார்,
என் முகத்தைப் பார்க்கவில்லை.
கல்லை மட்டும் நான் தூக்கினேன்.
அவருக்கு ஹெர்னியா.
இடம் போதாமல் அந்தோணியார்
பேப்பர் தட்டுகளோடு பின்னால் போனார்.
மறுபடி மூக்கை இறக்கினோம்.
நூற்றுப் பத்து.
இரண்டாவது தடவைக்கு அவள் காசு வாங்கவில்லை,
கடை எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள்.

அறுபதுக்கு மேல் முள்ளை ஏறவிடவில்லை.
பெரியகங்கணாங்குப்பம் வரை
மூன்று பஸ், ஒரு மீன் லாரி கடந்தன.
ஒவ்வொன்றுக்கும் கேரவன் லேசாகத் தோளைக் குலுக்கிவிட்டு
தொடர்ந்து வந்தது.
ஒவ்வொன்றுக்கும் சூசைநாதனின் கால்
தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது.

நான் வெறுங்காலோடு ஓட்டினேன்.
செருப்பு இரண்டும் சீட்டுக்கடியில்.
அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை,
மஞ்சக்குப்பம் சிக்னல் வரும்வரை.